எலிக்கு விளக்கு, காருக்குக் கம்பளி

ஜனவரி இருபத்தெட்டு, புதன்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். விளாங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் மீதிருந்து அப்பா கம்பளியை உருவினார். பயணம் அக்கணத்தில் தொடங்கியதாகவே கொள்ள வேண்டும். கார் நகர்ந்தது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான்.

போக வேண்டிய இடம் மேலூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பேருந்தில் போகிறவர்கள் காலைப் பலகாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சொந்தக் கார் உள்ளவர்கள் ஒரு நாள் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். வியாழக்கிழமை என் அக்கா தேன்மொழிக்கு அவளுடைய மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்ததும் பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தியம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"வாடகை வண்டியில அனுப்ப மாட்டேன். அவனுக வெரட்டிக்கிட்டுப் போவானுக. உங்க சொந்தக் காருல வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி இங்கனயே இருக்கட்டும். மேலூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா?"

அதற்கு முந்தைய வாரமே அக்கா தொலைபேசியில் என்னிடம் கிசுகிசுத்திருந்தாள். அது அறுவடைக் காலம். வேலையாட்களுக்குச் சோறாக்க அந்த வீட்டில் விடிவதற்கு வெகுமுன்பே எழுந்துவிடுவார்கள். ஒன்பது மாதக் கர்ப்பிணியும் அதில் அடக்கம். "எப்படியாச்சும் என்னையக் கூட்டிட்டுப் போயிருங்கடி. ஒரு நாள் முழுக்கத் தூங்கணும். அம்புட்டுத்தான். கொடைக்கானல்ல வாங்குன கம்பளி இருக்குல்ல, அத மட்டும் எனக்கு எடுத்து வை."

கம்பளி இருந்தது. காரின் மேல் இருந்தது.

மதுரைக்குக் குளிர்காலம் உண்டு என்பதை மதுரைக்காரர்கள் மட்டுமே நம்புகிறார்கள். தை மாதத்து விடியலில் குல்லாய் அணிந்து, காதில் பஞ்சு வைத்து, ஒருவரையொருவர் பார்த்து, "இந்த வருசம் கொஞ்சம் ஓவர்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். எட்டரை மணிக்கு வெயில் வந்ததும் குளிர்காலம் முடிந்துவிடும். மறுநாள் விடியலில் புதிதாகத் தொடங்கும். நாளுக்குச் சில மணிநேரமே நீடிக்கும் இந்தப் பருவத்திடமிருந்து எங்கள் கார் காக்கப்பட்டுவந்தது. இரண்டு கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த வெள்ளை நிறச் செடான் அது. நீண்ட டிக்கியும் தாழ்ந்த வயிறும் கொண்டது. அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தன் நெஞ்சுச் சளிக்கு இதுவரை மருத்துவரைப் பார்க்காத அவர், கார்த்திகை பிறந்ததுமே என்ஜினுக்குக் குளிர் தாக்கிவிடும் என்று கவலைப்படத் தொடங்கியிருந்தார்.

அவருடைய கவலைக்கு ஒரு சங்கமும் இருந்தது. அதே வகைக் காரை வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. தேவைப்படும் நேரத்தில் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி கிடைக்காது என்பதால் அதில் வரும் செய்திகளை உரக்க வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் ஒருத்தி இலக்கியம் படிப்பதால் விளைந்த ஒரே பயன் அது என்று அப்பா கருதுவதாக நான் ஐயுறுகிறேன். குளிர்காலத்தில் காரைப் பேணுவது குறித்து அங்கே நாள்தோறும் ஓர் அனுபவம் பகிரப்படும். ஒருவர் எலியை விரட்டப் புகையிலையைத் துணியில் முடிந்து என்ஜினுக்குள் கட்டியிருந்தார். இன்னொருவர், காலையில் சாவியைத் திருகும் முன் காருக்குள் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்கப் பரிந்துரைத்திருந்தார். எதற்காக என்று அவர் விளக்கவில்லை. பலர் கைகூப்பியிருந்தார்கள்.

ஆகவே நாங்களும் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் மடியில் பலகாரத் தூக்கு, என் மடியில் வளையல் பெட்டி, காலடியில் தாம்பாளங்கள், டிக்கியில் அம்மா காய்ச்சிய புளிக்காய்ச்சல். நடைப்பயிற்சிக்குப் போன பக்கத்துத் தெருக்காரர் குனிந்து எங்கள் மூவரையும் பார்த்தார்.

"என்ன சார், யாரும் தவறிட்டாங்களா?"

அம்மா முன்னால் எட்டி அப்பாவின் தோளில் தட்டினார். "வண்டிய எடுங்க."

மூடுபனியில் பாதி வெளியே இருந்தது. மறுபாதியை நாங்கள் மூவரும் மூச்சு விட்டு உள்ளேயே உண்டாக்கினோம். முன்கண்ணாடியின் உட்புறம் வெளுத்துப்போனது. ஏசியைப் போட்டால் தெளிந்துவிடும் என்று காரோடு வந்த கையேட்டில் படித்திருந்தேன். சொன்னேன்.

"குளிருக்குள்ள எவனாச்சும் ஏசி போடுவானா? பாக்குறவன் சிரிப்பான்."

பார்க்கிறவர்கள் எவரும் எங்களைப் பார்க்கும் நிலையில் இல்லை. அம்மா முன்னிருக்கைக்கு மாற்றப்பட்டார். சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவது அவர் பணி.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"உன் கை."

ஒத்தக்கடையில் யானைமலையைக் காணவில்லை. அத்தனை பெரிய மலையைத் தொலைத்த ஊர் எந்தப் பதற்றமும் இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பருத்திப்பால் வாங்கினோம். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியபோது, குளிர்காலம் என்று ஒன்று இருப்பதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. அப்பா தம்ளரைத் தொடும் முன் கம்பளியை எடுத்துப் பானெட்டின் மேல் போர்த்திவிட்டு வந்தார். சூடு இறங்கிவிடக் கூடாதாம். கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திப் பார்த்தார்.

"என்னண்ணே, பிரசவமா?"

"மகளுக்கு," என்றார் அப்பா.

"மக உள்ளயா இருக்கு?" கடைக்காரர் கம்பளியை உண்மையான கவலையோடு பார்த்தார்.

மேலூரில் இட்லி சாப்பிட்டு முடித்தபோது, எங்களுக்குப் பின்னால் புறப்பட்டு வந்த பேருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வெயில் வந்துவிட்டது, அன்றைய குளிர்காலம் நிறைவுற்றது. ஊருக்குள் பிரியும் சாலையில் தொடர்ந்து போனோம். விளாங்குடியில் சாலை என்பது வாகனங்கள் போவதற்கானது என்ற குறுகிய எண்ணம் நிலவுகிறது. இங்கே அப்படியில்லை. காய்ந்த கொள்ளுச் செடிகளைத் தார்ச்சாலையின் அகலத்துக்கும் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறிக் கொள்ளு உதிரும். மாலையில் கூட்டித் தூற்றி அள்ளிக்கொண்டு போவார்கள். அரசு செலவில் களம், ஊரார் செலவில் டீசல்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் கையில் முறத்தோடு சாலை நடுவே வந்து நின்றார். பெயர் முத்துப்பேச்சி என்பது பிற்பாடு தெரிந்தது.

"அண்ணே, ஓரமா ஒதுங்காதீங்க. நடுவுல ஏத்துங்க. நல்ல கனமான வண்டியாத் தெரியுது."

அந்தக் காரை அதுவரை எவரும் பாராட்டியதில்லை. அப்பா நடுவில் ஏற்றினார். பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். அவர் கேட்காமலே மூன்றாம் முறையும் ஏற்றினார். நான்காம் முறையில் கொள்ளு வறுபடும் நல்ல வாசனை வந்தது. அடியில் செடி சுற்றிக்கொண்டு புகைகிறது என்பது தெரியவரும்வரை நான் அதைப் பசி என்றே எண்ணியிருந்தேன். முத்துப்பேச்சியும் நானும் சாலையில் மண்டியிட்டுக் காரின் வயிற்றிலிருந்து கொள்ளுக்கொடியைப் பிடுங்கினோம்.

"லாரியெல்லாம் ஏறிட்டுப் பேசாமப் போயிருதுண்ணே," என்றார் அவர், கைநிறையக் கொடியோடு நிமிர்ந்து. "உங்க வண்டி பாதிய அள்ளிக் கட்டிக்கிட்டுல்ல போகுது."

மாமியார் வீட்டில் அக்கா அரிவாள்மனை முன் அமர்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழ முயன்றாள். எழுவதற்குள் நாங்களே அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டோம். கண்களின் கீழ் கருமை. "கார் நல்லா ஓடுதுல்ல?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நன்றாக ஓடுவதாக அப்பா சொன்னார். மதியம் கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் போட்டார்கள். பயணத்தின் கடைசிப் பகுதி முழுக்க அதே மணத்தை முகர்ந்து வந்திருந்ததால் எனக்கு அது புதிதாகப் படவில்லை.

சம்பந்தியம்மா கொடியவர் அல்லர்; அதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். மருமகளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே நெய் ஊற்றினார். விடியலில் எழுப்புவதும் அவரே. இரண்டையும் ஒரே பாசத்தோடு செய்தார்.

மாலையில் சிக்கல் எழுந்தது. காரை நிறுத்த அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் வைக்கோற்போருக்குப் பக்கம். வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். குளிரில் எலி வெதுவெதுப்பைத் தேடி என்ஜினுக்குள் புகும். புகுந்தால் ஒயரைக் கடிக்கும். ஒயர் போனால் நாளை அக்கா இங்கேயே. இந்தத் தருக்கத்தில் நான் எந்தப் பிழையும் காணவில்லை. அப்பா குழுவைத் திறக்கச் சொன்னார். வாசித்தேன். பானெட்டைத் திறந்துவைத்து, இரவெல்லாம் முன்பக்கத்துச் சிறு விளக்குகளை எரியவிட்டால் ஓர் எலிகூட அண்டாது. தம் சொந்த அனுபவம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பலர் கைகூப்பியிருந்தார்கள்.

அக்காவின் கணவர், மாமா, அதிகம் பேசாதவர். "விடிய விடியவா எரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"சின்ன விளக்குதான மாப்ள," என்றார் அப்பா.

வாய் பிளந்து, இரு கண்களும் ஒளிர, பனிக்காக முன்கண்ணாடியில் கம்பளி போர்த்தி, வைக்கோற்போரருகே கார் எழுந்தருளியது. சம்பந்தியம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். "எங்க ஊரு காவக்கார சாமிக்கே இம்புட்டு விளக்கு எரியலங்க சம்பந்தி."

வியாழக்கிழமை வளைகாப்பு ஒரு குறையுமின்றி நடந்தது. முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு இரு கைகளிலும் முழங்கை எட்டும்வரை கண்ணாடி வளையல். அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் தலை இரண்டுமுறை தாழ்ந்தது. வெட்கம் என்றார்கள் கூடியிருந்த பெண்கள். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வகைச் சோறும் பரிமாறப்பட்டன. அம்மாவின் புளிச்சோற்றைச் சம்பந்தியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது அம்மாவின் முகத்தில் ஓர் அரசு கைமாறிய நிறைவு தெரிந்தது.

பந்தி ஓய்ந்ததும் சம்பந்தியம்மா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போறேன் வாரேன்னு சொல்லிக்கக் கூடாது. வாசப்படியத் தாண்டிட்டா திரும்பிப் பாக்கக் கூடாது. எதை மறந்திருந்தாலும் உள்ள திரும்பி வரக் கூடாது. இனிமே புள்ளையோடதான் இந்தப் படிய மிதிக்கணும். ஒன்றரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எல்லையத் தாண்டிருங்க."

அப்பா வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனார். சாவியைத் திருகும் ஒலி கேட்டது. வேறு எந்த ஒலியும் கேட்கவில்லை.

குழு சொன்னது சொன்னபடியே பலித்திருந்தது. ஓர் எலியும் வரவில்லை. ஓர் ஒயரும் கடிபடவில்லை. பேட்டரியில் மட்டும் ஒரு முனகலுக்குக்கூட எதுவும் மிச்சமில்லை.

மாமா மேலூர் மெக்கானிக்கை அழைத்தார். கல்யாண வீட்டில் இருக்கிறாராம், மூன்று மணி ஆகும். அப்பா பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். வாசித்துக் காட்டச் சொல்லி என்னை அழைக்கவில்லை. சம்பந்தியம்மாவின் முகத்தில் வருத்தம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"தெய்வமாப் பாத்து நிறுத்துது. விடுங்க சம்பந்தி. இங்க என்ன கொறச்சல் வந்துச்சு? நான் பாத்துக்கிற மாட்டேனா?" பிறகு உள்பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டிய எடுத்து உள்ள வைங்கடி," என்றார்.

அக்கா சுவரில் கைவைத்து எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசற்படியைத் தாண்டினாள். வளையல்கள் குலுங்க, வெயிலில், வைக்கோற்போர்வரை நடந்து போய்க் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எந்தத் திசையிலும் போகாத ஒரு காருக்குள் அவ்வளவு உறுதியோடு ஒருவர் ஏறியதை நான் பார்த்ததில்லை.

"ஏத்தா, எங்க போற? வண்டிதான் எடுக்கலையே. உள்ள வா."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலை இறக்கி நேரே வைக்கோலைப் பார்த்தபடி சொன்னாள்: "படி தாண்டிட்டேன் அத்தை. திரும்பி வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அது வண்டி கெளம்புனாத்தானத்தா."

"வண்டியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல."

முற்றத்துப் பெண்கள் கலந்துகொண்டார்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பது உறுதியானது. "தாண்டிருச்சே. இனிமே எப்பிடி உள்ள வரும்?" என்றார் ஒருவர். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டுத் திரும்பி மிதிச்சா ஆகுமா?" என்றார் இன்னொருவர். சம்பந்தியம்மா கூட்டத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலில் சுடும் காரைப் பார்த்தார். அவருடைய சாத்திரம் இப்போது அவரை நோக்கி நின்றது. நான் அவரிடம் மதிப்புக் கொண்டது அதன்பின் அவர் செய்ததைக் கண்டுதான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ராகு காலம் வாரதுக்குள்ள தள்ளுங்கடா."

முதலில் டிக்கியில் கைவைத்தவர் மாமா. அடுத்தவர் பந்திக்கு வந்திருந்த முத்துப்பேச்சி. "நேத்து நம்ம கொள்ளுல நாலு நடை ஏத்திக் குடுத்த அண்ணன்டி. வாங்கடி," என்று அவர் அழைக்க, கொள்ளடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். அப்பா பானெட்டை மூடிவிட்டு ஸ்டியரிங் முன் அமர்ந்தார். முன்கண்ணாடியிலிருந்து கம்பளியை உருவி டிக்கிக்குள் திணித்தேன். கார் முற்றத்தைக் கடந்து தெருவுக்கு ஊர்ந்தது. உள்ளே அக்கா, கையில் வளையலும் நெற்றியில் திருநீறுமாக, உற்சவர்போல நிமிர்ந்து நேரே பார்த்திருந்தாள். பின்னால் சம்பந்தியம்மா, "மெள்ள, மெள்ள, குலுங்காம" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தேருக்கு முட்டுக்கட்டை போடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அம்மாவும் நானும் பின்னால் நடந்து வர, கண்மாய்க்கரைச் சரிவில் கார் வேகமெடுத்தது. ஒரு விக்கல், இரண்டாவது விக்கல், பிறகு இரைச்சல். சாலையில் பரப்பியிருந்த கொள்ளின் மேல் எங்கள் செடான் ஐந்தாவது நடையை முடித்துக்கொண்டு பாய்ந்து போனது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா சன்னலுக்கு வெளியே கையை ஆட்டினார். நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்பது அதன் பொருள் என்று அம்மாவுக்கும் எனக்கும் விளங்கியபோது, கார் வளைவைக் கடந்திருந்தது. தாம்பாளங்களோடு நாங்கள் இருவரும் சரிவில் நின்றிருந்தோம்.

நகரப் பேருந்து வந்தது. எந்தக் கம்பளியும் போர்த்தப்படாமல், எவராலும் தியானிக்கப்படாமல், அது முதல் திருகலிலேயே கிளம்பியது. அதன்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை அம்மாவிடம் சொல்லவில்லை. மேலூரில் மாறினோம். ஒத்தக்கடையில் யானைமலை தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுச் சாவி அங்கே இருந்தது. மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையம் போய், அங்கிருந்து விளாங்குடி போய்ச் சேரும்வரை அவர் அதைக் கையிலேயே பிடித்திருந்தார்.

பூட்டிய வீட்டின் முன்னால் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கொள்ளுக்கொடி வால்போலத் தொங்கியது. அப்பா ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். எல்லாச் சன்னல்களும் மூடியிருந்தன. நான் கண்ணாடியில் தட்டினேன். அவர் உதட்டில் விரல் வைத்து, ஒரு விரற்கடை மட்டும் இறக்கினார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"ஏசியா?" என்றேன்.

"அவதான் கேட்டா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேலூருக்கு முன்னாலயே தூங்கிட்டா. எங்கயும் நிறுத்தல. ஹாரன்கூட அடிக்கலம்மா."

பின்னிருக்கையில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வளையல் கை கன்னத்தின் கீழ் இருந்தது. அன்றைய நாளில் அறிவுடைய செயல் எதையும் எங்களில் அக்காவைத் தவிர வேறு எவரும் செய்யவில்லை என்று எண்ணியபடி வீட்டைத் திறக்கப் போனேன்.

அன்று இரவும் அப்பா காருக்குக் கம்பளி போர்த்தினார். பழக்கம்.

மறுநாள் காலை, பனி விலகும் முன்பே எழுந்து அந்தக் கம்பளியை உருவினேன். கொள்ளுச் சருகையும் வைக்கோலையும் உதறிவிட்டு, இரண்டுமுறை சோப்புப் போட்டு அலசினேன். நீர் குடித்த கம்பளி ஓர் ஆளின் கனம் இருந்தது, கொடிக்கயிறு தாங்கவில்லை. வெயில் முதலில் விழும் இடம் எங்கள் வாசலில் ஒன்றுதான். காரின் பானெட்டின் மேல் அதை அகல விரித்து, நான்கு மூலையையும் இழுத்துவிட்டேன்.

பல்துலக்கியபடி அப்பா வெளியே வந்தார். போர்த்தியிருந்த காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் உனக்கு வண்டி மேல ஒரு அக்கறை வந்திருக்கு."

நான் கம்பளியின் சுருக்கங்களை நீவிவிட்டேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். எட்டரை ஆகியிருந்தது. கம்பளியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. உள்ளே அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.